சரணம் இல்லாத இசைத்தட்டு

புதுநகரம் சைனுதீன் ராவுத்தருக்கு மலையில் பெயர் கிடையாது. சின்னக்கானல் தேயிலைத் தோட்டங்களில் எல்லோரும் அவரைக் கம்பளி ராவுத்தர் என்றே அழைத்தார்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழை ஓயத் தொடங்கியதும் போடியிலிருந்து பொதிமாடுகளுடன் மலையேறி வருவார். குளிர் முற்றுவதற்குள் விற்று முடித்து இறங்கிவிடுவார். அவர் கீர்த்தனங்கள் இயற்றுகிறவர் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. கீழே, பாலக்காட்டுப் பக்கத்தில், சிலருக்குத் தெரியும். அவர்களிலும் பெரும்பாலோர் அதை ஒரு வியாபாரியின் பொழுதுபோக்கு என்று எண்ணினார்கள்.

அந்த எண்ணம் தவறானது. சைனுதீன் இளமையில் சித்தூரில் நாகசுரம் வாசித்த வீரபாண்டி என்பவரிடம் முறையாகச் சங்கீதம் கற்றவர். குரல் வளம் இல்லாததால் கச்சேரி செய்யவில்லை. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு அவருடைய உழைப்பெல்லாம் பாட்டு இயற்றுவதில் சென்றது. கம்பளி வியாபாரம் அதற்கு இடையூறாக இருக்கவில்லை, ஒருவகையில் துணையாகவே இருந்தது. சுமை ஏற்றிய மாடு மலைப்பாதையில் ஓரடி வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறு அடி வைக்கும். அதன் பின்னால் நடந்தபடியே அவர் மெட்டுகளை அமைத்தார். அவருடைய கீர்த்தனங்கள் அனைத்தும் மெதுவானவை. வேகமாகப் பாடினால் அவை கெட்டுப்போகும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

ஒரு கீர்த்தனத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என மூன்று பகுதிகள் உண்டு. சரணத்தின் இறுதியில் இயற்றியவர் தம் பெயரை வைப்பது மரபு. அதை முத்திரை என்பார்கள். பாடுகிறவர் சபையில் ஆசிரியரின் பெயரை அறிவிக்க வேண்டியதில்லை, பாட்டே அறிவித்துவிடும். சைனுதீன் தம் பாட்டுகளை அச்சிடவில்லை. மேடையில் அமர்ந்ததும் இல்லை. பாட்டோடு அவர் அனுப்பி வைத்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். ஆகையால் முத்திரை விஷயத்தில் அவர் சற்றுப் பிடிவாதமாக இருந்தார்.

அவர் பாட்டுகளைச் சபையில் பாடியவர் சித்தூர் சந்தனம் என்னும் பாடகி. கோயிலில் ஆடிப் பாடிய குடும்பத்தில் பிறந்தவர். அந்த வழக்கங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலத்தில் கச்சேரிகளை நம்பி வாழ்ந்தவர். நாற்பது வயதைக் கடந்திருந்த சந்தனத்துக்குத் தம் குரல் இன்னும் சில ஆண்டுகளே தாங்கும் என்று தெரியும். எனவே 1930ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் ஏஜெண்டு ஏசுரத்தினம் வந்து, ஒரு தட்டில் இரண்டு பாட்டுகள் பாடித் தர வேண்டும் என்று கேட்டபோது, அவர் உடனே சம்மதித்தார். ஒரு பக்கத்துக்குத் துள்ளல் நடையில் ஒரு காதல் பாட்டு, ஒரு ஜாவளி என்று முடிவாயிற்று. மறுபக்கத்துக்குச் சந்தனமே சைனுதீனின் யதுகுலகாம்போதி ராகக் கீர்த்தனத்தைத் தேர்ந்தெடுத்தார். அதன் வரிகள் இவை:

எந்த வாசலில் நிற்பேன் – ஐயா,
இன்னும் எதனைத் தட்டுவேன்

வந்த வழியும் மறந்தேன் – கையில்
வாங்கிய விளக்கும் இழந்தேன்

சொந்த வீட்டின் உள்ளே நின்று
தொட்டழுதேன் தாழை இன்று
சிந்தை தெளிந்த சைனுதீன் நானே – அதைத்
திறக்க வேண்டியவன் தானே

கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் பதிவு நடந்தது. எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவர்களில் கனத்த துணி தொங்கவிட வேண்டும். அதற்கான கம்பளிகளைச் சைனுதீனே கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சாக்கில் அறைக்குள் இருக்கவும் இடம் பெற்றார். தம் கம்பளிகளால் மூடப்பட்ட அறையில், தம் பாட்டு மெழுகுத் தட்டில் ஏறுவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

ஒத்திகையின்போது சந்தனம் சரணத்தைத் தொடங்குவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மெழுகு முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஏசுரத்தினம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“மூணே கால் நிமிசந்தான் ஐயா நமக்கு ஆண்டவர் குடுத்திருக்கிறது. இந்த அம்மா ஒரு வாசல்லயே அதை நின்னு தீத்துட்டாவ.”

“நிக்கிற பாட்டுதானுங்க அது” என்றார் சைனுதீன்.

“நிக்கட்டும், யாரு வேண்டாம்னா? கொஞ்சம் எட்டி நடந்துகிட்டே நிக்கச் சொல்லுங்க. வேகத்தை ஏத்தினா மூணு பாகமும் அடங்கிப் போகும்.”

சந்தனம் வேகத்தைக் கூட்டிப் பாடிப் பார்த்தார். சரணம் முழுவதும் அடங்கியது. சைனுதீனின் பெயரும் தெளிவாக ஒலித்தது. ஆனால் பல்லவியில், ‘நிற்பேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வைத்திருந்த இடைவெளி காணாமற்போனது. வாசலில் நின்றவன் அடுத்த கதவை நோக்கி ஓரடி வைப்பதற்கு முன் தயங்கும் நேரம் அது.

“ஏனுங்க ராவுத்தரே, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் சந்தனம்.

“நீங்களே சொல்லுங்க.”

“ரெயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடறவ, போற வழியில நாலு ஊட்டுக் கதவைத் தட்டிட்டுப் போனாப்பல இருந்துச்சுங்க.”

மிருதங்கக்காரர் சிரித்துவிட்டார். சைனுதீன் சிரிக்கவில்லை.

“அப்போ அனுபல்லவியை எடுத்துருவமா?” என்றார் ஏசுரத்தினம்.

“அதை எடுத்தா மேல ஏறுறதுக்குப் படியே இருக்காதுங்க” என்றார் சைனுதீன்.

“சரணத்தை ஜாவளிப் பக்கம் போட முடியாது, இப்பவே சொல்லிட்டேன். ஒரு பக்கம் ஒரு பாட்டு. கம்பெனிக்காரன் கழுத்தைத் திருகிருவான்.”

சந்தனம் கையால் விசிறிக்கொண்டார். இரைச்சல் கேட்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். “நீங்களே முடிவு பண்ணுங்க. வேகமாப் பாடுனா உங்க பேரு நிக்கும். மெதுவாப் பாடுனா உங்க பாட்டு நிக்கும். எனக்கு ரெண்டும் ஒரே தொண்டைதானுங்க.”

சைனுதீன் சுவரில் தொங்கிய கம்பளியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். பிறகு, மெதுவாகவே பாடும்படி சொன்னார். இதை ஒரு துறவு என்று கொள்வதற்கில்லை. கெட்டுப்போன மெட்டின் கீழே தம் பெயர் இருப்பதை அவரால் தாங்க முடியாது. நல்ல மெட்டு எப்படியும் தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை பிழையானது என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிட்டது.

தட்டு நன்றாக விற்றது. ஜாவளியைக் கேட்க வாங்கியவர்கள் மறுபக்கத்தையே போட்டுப் போட்டுத் தேய்த்தார்கள். வடகரப்பதிச் சந்தையில் அது ஒலித்தது; கல்யாணப் பந்தல்களிலும் ஒலித்தது. கேட்டு மனப்பாடம் செய்த பாடகர்கள் அதைச் சபைகளில் பாடத் தொடங்கினார்கள். சரணம் இல்லாத கீர்த்தனம் தலையில்லாத உடல்போல் இருப்பதால், சிலர் தாங்களே சரணம் இயற்றி, அதில் தங்கள் முத்திரையை வைத்துக்கொண்டார்கள். அப்படி மூன்று சரணங்களைச் சைனுதீன் கேட்டார். ஒன்று மோசமில்லை என்று அவருக்கே தோன்றியது. அதுதான் அவரை அதிகமாக வருத்தியது.

ஒருநாள் கல்பாத்தியிலிருந்து பெரியவர் ஒருவர் அவருடைய கடைக்குக் கம்பளி வாங்க வந்தார். எதிர் ஓட்டலில் அந்தத் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. பெரியவர் பேரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஓய் ராவுத்தர், இது என்ன பாட்டு தெரியுமோ? இருநூறு வருஷத்துக்குக் குறையாது. இப்போ இருக்கறவாளுக்கு இந்த நிதானம் ஏது?”

“சரணம் இல்லீங்களே, பாத்தீங்களா?”

“காலத்துல அழிஞ்சு போயிருக்கும். அந்தக் காலத்துல யாரு எழுதி வெச்சா?”

“அது நான் பண்ணுன பாட்டுங்க.”

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. “இந்தக் கதைக்குக் கம்பளிக்கு நீர் சொன்ன விலையே தேவலை போலிருக்கே” என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்து, கம்பளியை எடுத்துக்கொண்டு போனார்.

சைனுதீன் அன்று சரணத்தைப் பாடிக் காட்டியிருக்கலாம். ஆனால் நாட்டில் ஏற்கனவே மூன்று சரணங்கள் உலவின. அவருடையது நான்காவது என்று ஆகியிருக்கும்.

அந்த ஐப்பசியில் அவர் வழக்கம்போலப் போடியிலிருந்து ஏறினார். சின்னக்கானலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை அடைந்தபோது வியாபாரம் நடக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. லயத்தின் முன்னே ஒரு பிணம் கிடத்தப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். சைனுதீன் மாடுகளை ஒதுக்குப்புறமாகக் கட்டிவிட்டு, டீக்கடை பிச்சைமணியின் அருகில் போய் நின்றார்.

“யாருங்க இது?”

“அதாம்யா தெரியல” என்றார் பிச்சைமணி. “வேலை தேடிப் போடிப் பாதையில தனியா ஏறி வந்திருக்கான். மலை மெட்டுல காய்ச்சலோட விழுந்து கெடந்தான். நம்ம பயலுக தூக்கிட்டு வந்தாக. கஞ்சி குடுக்கதுக்குள்ள கண்ணு சொருகிருச்சு. பேரு, ஊரு ஒண்ணும் கேக்க முடியல.”

அப்போது பெண்களின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. எந்த வாசலில் நிற்பேன். கொழுந்து பறிக்கும் சுருளியம்மாள் பாடினாள்; மற்றவர்கள் பின்தொடர்ந்து பாடினார்கள்.

சைனுதீன் முதலில் கவனித்தது இடைவெளியை. ‘நிற்பேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு சுருளியம்மாள் நிறுத்தினாள். தட்டில் இருந்ததைவிடச் சற்று நீளமாகவே நிறுத்தினாள். சுருதி சேரவில்லை. அனுபல்லவியின் முடிவு வேறு ராகத்தில் போய் விழுந்தது. ஆனால் நடை குலையவில்லை.

“இங்க எழவு வீட்டுல இதைத்தான் பாடுதாக” என்று பிச்சைமணி தாழ்ந்த குரலில் விளக்கினார். “என் கடைத் தட்டுல கேட்டது. மத்த பாட்டெல்லாம் ஆட்டத்துக்குத்தான் ஆகும். இது ஒண்ணுதான் பொணத்துக்குத் தக்கன நடக்கு. ஆனா தட்டுல கடைசி இல்லையா? அதனால சுருளி ஒரு வழக்கம் வச்சிருக்கா. செத்தவுக பேரைச் சொல்லித்தான் பாட்டை எறக்குவா.”

ஆனால் இன்று சொல்வதற்குப் பெயர் இல்லை. சுருளியம்மாள் அனுபல்லவியை முடித்து, மறுபடி பல்லவிக்கு வந்தாள். மறுபடி அனுபல்லவி. பாட்டு இறங்க வழியில்லாமல் சுற்றி வந்தது. பாடை தயாராகிவிட்டது. கங்காணி பொன்ராஜ் வானத்தைப் பார்த்தார்.

“மழை எறங்குது சுருளி. போதும், தூக்கட்டும்.”

“பேரில்லாம எப்படிய்யா தூக்கச் சொல்லுவேன்? இவன் என்ன தேயிலை மூடையா?”

“சாமின்னு சொல்லி முடியேன்.”

“சாமிக்குத்தான் ஆயிரம் பேரு இருக்கே. அதுல ஒண்ணு கொறஞ்சா இவனுக்கு வந்துருமாக்கும்?”

அவள் மீண்டும் பல்லவியைத் தொடங்கினாள். பின்தொடர்ந்து பாடிய பெண்களின் குரல் தளர்ந்துகொண்டிருந்தது. அனுபல்லவி முடிந்தது, சுருளியம்மாள் மூச்சு வாங்கினாள். அந்த இடத்தில் சைனுதீன் சரணத்தைப் பாடினார்.

அவரை அங்கே பாடவைத்தது இரக்கம் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. முடிவில்லாமல் தம் பாட்டு சுற்றி வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. தவிர, ஓராண்டாகத் தட்டிலும் சபையிலும் மறுக்கப்பட்ட பெயரைக் கேட்க அங்கே ஒரு கூட்டம் காத்திருந்தது. கரகரத்த குரலில் அவர் பாடினார். சொந்த வீட்டின் உள்ளே நின்று தாழைத் தொட்டு அழுதவனைப் பற்றிய அடிகளைப் பெண்கள் அசையாமல் கேட்டார்கள். சைனுதீன் என்ற பெயர் வந்ததும் சுருளியம்மாள் நிமிர்ந்தாள். கடைசி இரண்டு அடிகளை அப்படியே வாங்கிக்கொண்டு, பெயரை அழுத்தி, மும்முறை பாடி, பாட்டை இறக்கினாள். பாடையைத் தூக்கினார்கள்.

“சைனுதீனா?” என்று சுருளியம்மாள் அவரிடம் வந்து கேட்டாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது பாட்டு எழுதினவன் பேரும்மா.”

அவள் பாடையைப் பார்த்து வாயில் கை வைத்தாள். பிறகு மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினாள். “கேட்டீகளாடி? இந்தப் பாட்டை எழுதுன மகராசன்டி இவரு! வாசல் வாசலாத் தட்டி, கடைசியில நம்ம லயத்துக்கு வந்து விழுந்திருக்காரு. நாம பேரு தெரியாத பொணம்னு போட்டு வச்சிருக்கோமே!”

சைனுதீன் வாயைத் திறந்தார். கல்பாத்திப் பெரியவரின் சிரிப்பு அவர் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். அதற்குள் பொன்ராஜ் குறுக்கிட்டார்.

“அப்போ உங்க ஆளுகதானய்யா? எங்க வழக்கப்படி பொதைக்கக்கூடாதே. நல்லவேளை, நீங்க இருக்கீக. வந்து ஓதி விடுங்க.”

பாடை நகரத் தொடங்கியிருந்தது. இப்போது மறுத்தால் இறந்தவனுக்கு மறுபடி பெயர் இல்லாமற்போகும். சுருளியம்மாள் அவனைத் திரும்ப இறக்கச் சொன்னாலும் சொல்வாள். அதற்குப் பிறகு, தாம்தான் சைனுதீன் என்று சொல்லும் கம்பளி வியாபாரியை அவர்கள் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னே நடந்தார். யாரென்று தெரியாத ஒருவனுக்காகத் துஆ ஓதினார். இறந்தவனின் பெயர் வரவேண்டிய இடத்தில், அன்று அந்த மலையில் அவனுக்கு வழங்கிய பெயரையே சொன்னார்.

புதுநகரம் திரும்பியதும் ஏசுரத்தினத்தைத் தேடிப் பிடித்து, பாட்டை முழுமையாகப் பதியும்படி வற்புறுத்தினார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவர் புதிதாக எதையும் இயற்றவும் இல்லை. கம்பெனி அவரை இரண்டு ஆண்டுகள் காக்கவைத்தது. பிறகு வேறு கம்பெனிகள் தத்தம் பாடகர்களின் சரணங்களோடு அதே பாட்டை வெளியிடத் தொடங்கவே, ‘முழுப் பாட்டு’ என்று போட்டு இரண்டு பக்கங்களிலும் பதிய இவர்களும் முன்வந்தார்கள். சந்தனத்தின் குரல் சற்று இறங்கியிருந்தது. பாட்டுக்கு அது பொருந்தியது.

“இந்தத் தடவை உங்க பேரை நல்லா இழுத்துப் பாடறேனுங்க ராவுத்தரே. காதுல வாங்கிக்கோங்க.”

“பேரை இழுக்க வேண்டாங்க. தாளத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும்.”

தட்டு வெளிவந்ததும் கல்பாத்தியிலும் வேறு இடங்களிலும் சிலர் ஆசிரியரின் பெயரைக் கவனித்தார்கள். சிலர் இதையும் இன்னொரு இடைச்செருகலாகக் கருதினார்கள். சைனுதீன் ஒரு தட்டைக் கம்பளி மூட்டைக்குள் வைத்துக் கட்டி, மலைக்கு எடுத்துச் சென்று, பிச்சைமணியிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னே கூட்டம் கூடியது. முதல் பக்கம் முடிந்தது. பிச்சைமணி ஊசியை மாற்றித் தட்டைத் திருப்பினார். சந்தனத்தின் குரலில் சரணம் எழுந்தது. சைனுதீன் என்ற பெயர் தாளத்துக்குத் தேவையான அளவில், குறையாமலும் கூடாமலும் ஒலித்தது. மூட்டையின் மேல் அமர்ந்திருந்த அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“வந்துருச்சுடி, நம்மாளு பேரு!” என்று சுருளியம்மாள் கத்தினாள். “தட்டுக்காரனுக்கும் தெரிஞ்சு போச்சு பாத்தீகளா? நம்ம மண்ணுல கெடக்கவர்தான் எழுதுனதுன்னு ஊரு ஒலகத்துக்கே சொல்லிட்டான்!”

தட்டு முடிந்ததும் அவள் அவரை விடவில்லை. இடுகாட்டுக்கு அழைத்துப் போனாள். தலைமாட்டில் ஒரு கல் நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். அதன் அடியில் அணைந்த அகல் ஒன்று இருந்தது. லயத்தில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் இங்கே வந்து விளக்கேற்றுவதாக அவள் சொன்னாள். கல்லில் பெயர் எழுதியிருக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“நீங்க அவரை உசுரோட பாத்திருக்கீகளா ராவுத்தரே?”

சைனுதீன் கல்லைப் பார்த்தபடி நின்றார். “பாத்திருக்கேனுங்க.”

“எப்படி இருப்பாரு?”

“வீம்புக்காரரு. பாட்டு நல்லாப் போட்டா மட்டும் போதாது, இன்னார் போட்டதுன்னு நாலு பேரு சொல்லணும்னு கெடந்து அடிச்சுக்குவாரு.”

சுருளியம்மாளின் முகம் கடுத்தது.

“அப்படிச் சொல்லாதீக. கம்பளி விக்கிறவுகளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? செத்தவுகளைக் குத்தம் சொல்லக்கூடாது.”

“தப்புத்தானுங்க” என்றார் சைனுதீன்.

அவள் குனிந்து அகலில் விழுந்திருந்த சருகை எடுத்து எறிந்தாள். அவர், மழை வருவதற்குள் மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, லயத்தை நோக்கி நடந்தார்.